கொடியில் தொங்கிய புத்தகங்கள்

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த குழந்தை வேறு. யாரும் சொல்லாமலே ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்காரும் குழந்தை வேறு. முதல் குழந்தைக்காகப் பாடநூல் உண்டு, பயிற்சி உண்டு, பரீட்சை உண்டு. இரண்டாவது குழந்தைக்கு என் கால அட்டவணையில் ஒரு பீரியட்கூட இல்லை. செகந்திராபாத்தில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்த காலம் முழுவதும் என் நினைப்பு அந்த இரண்டாவது குழந்தையின் மேல்தான் இருந்தது.

அந்த வகுப்பு எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். நல்கொண்டா, மகபூப்நகர் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் பாதிப் பேர். அவர்கள் வீட்டில் பேசுவது தெலங்காணாத் தெலுங்கு. வாரசிகூடாவிலிருந்து வரும் பிள்ளைகளுக்குத் தக்கனி உருது. மெட்டுகூடா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளைகள் வாய் ஓயாமல் தமிழ் பேசுவார்கள், ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. இத்தனை பேருக்கும் பாடம் ஆங்கிலத்தில். கையில் இருக்கும் புத்தகத்தின் மொழி ஒருவர் வீட்டுச் சமையலறையிலும் கேட்காது. அப்படி இருக்கும்போது படிப்பது என்றாலே பள்ளிக்கூடத்து வேலை, மணி அடித்ததும் கீழே வைத்துவிட வேண்டியது என்று ஒரு குழந்தை நினைத்தால் அதில் வியப்பில்லை.

பள்ளியில் நூலகம் இல்லாமல் இல்லை. தலைமை ஆசிரியை அறையில் ஓர் இரும்பு பீரோ இருந்தது. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசை, சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டின் படக்கதைகள், யாரோ நன்கொடையாகக் கொடுத்த கலைக்களஞ்சியம் எல்லாம் அதற்குள் இருந்தன. பீரோவுக்குப் பூட்டு. பூட்டுக்குக் காரணம் இருப்புப் பதிவேடு. ஆண்டு முடிவில் எண்ணும்போது ஒரு புத்தகம் குறைந்தால் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர் கணக்குச் சொல்ல வேண்டும். குழந்தை கையில் போன புத்தகம் கிழியும், நனையும், காணாமல் போகும். பீரோவுக்குள் இருந்தால் அப்படியே இருக்கும். அதனால் அப்படியே இருந்தது.

இந்தப் பூட்டைப் பற்றி எங்கள் தஞ்சைப் பக்கத்துக்காரர் ஒருவர் எப்போதோ பேசிவிட்டார். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்து 1931இல் அவர் வெளியிட்ட நூலில் முதல் விதியே புத்தகம் பயன்படுத்துவதற்குத்தான் என்பது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அலமாரியோடு பிணைத்து வைத்திருந்த கதையை அங்கே எடுத்துச் சொல்கிறார். அதே 1931இல் மன்னார்குடிக்குப் பக்கத்து மேலவாசலிலிருந்து மாட்டு வண்டியில் ஒரு நூலகம் ஊர் ஊராகக் கிளம்பியது. வண்டி கட்டிக்கொண்டு புத்தகம் வாசலுக்கே வந்த மண்ணில் பிறந்தவள் நான். பத்தடி தூரத்துப் பீரோ வகுப்பறைக்கு வர முடியாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

தலைமை ஆசிரியை கண்டிப்பானவர், ஆனால் நியாயம் கேட்பவர். கிழிந்ததையும் தொலைந்ததையும் தேய்மானம் என்று எழுதிக் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டார். அந்த ஒரு கையெழுத்துதான் மற்ற எல்லாவற்றுக்கும் ஆரம்பம். எந்தப் பள்ளியிலாவது வாசிப்பு வளர வேண்டும் என்றால் முதலில் இந்தக் கையெழுத்தை வாங்குங்கள் என்று இளைய ஆசிரியர்களிடம் இன்றும் சொல்லி வருகிறேன். புத்தகம் தொலைந்தால் யார் தலையில் விழும் என்ற பயம் இருக்கும்வரை எந்த ஆசிரியரும் சாவியைக் கொடுக்க மாட்டார்.

பின்சுவரில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை இரண்டு வரிசை நைலான் கயிறு கட்டினோம். துணி உலர்த்தும் கிளிப் வாங்கி வந்து புத்தகங்களை அதில் தொங்கவிட்டோம். கயிறு எட்டு வயதுக் குழந்தையின் கண்ணுக்கு நேராக இருந்தது. அட்டை முழுவதும் வெளியே தெரிந்தது. அலமாரியில் செருகிய படப்புத்தகத்துக்கு முதுகு என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது, மெல்லியதாக ஒரு கோடு மட்டும் தெரியும். அதைப் பார்த்து எந்தக் குழந்தை எதைத் தேர்ந்தெடுக்கும்? கொடியில் தொங்கினால் யானை யானையாகத் தெரியும், குரங்கு குரங்காகத் தெரியும். வாரத்துக்கு ஒருமுறை சிலவற்றை எடுத்துவிட்டு வேறு மாட்டுவோம். திங்கட்கிழமை காலையில் பையைக்கூட வைக்காமல் பிள்ளைகள் நேரே கொடிப் பக்கம் போவார்கள்.

பீரோவில் இருந்தவை போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆபிட்ஸில் கடைகள் மூடியிருக்கும், நடைபாதை முழுக்கப் பழைய புத்தகம் விரித்திருப்பார்கள். டிங்கிள், சம்பக், பழைய சந்தமாமா எல்லாம் குவியலாகக் கிடக்கும். எப்போதாவது சோவியத் படப்புத்தகம் ஒன்று கிடைக்கும். என் சின்ன வயதில் எங்கள் ஊருக்கு நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வண்டியில் வந்த அதே வழவழப்பான காகிதம், அதே பனி. தார்னாகாவில் மஞ்சி புஸ்தகம் என்ற வெளியீட்டாரிடம் தெலுங்கில் நல்ல சிறுவர் நூல்கள் சின்ன விலைக்குக் கிடைத்தன. 1980இல் தொடங்கிய ஹைதராபாத் புக் டிரஸ்டின் வெளியீடுகள், 2004இல் பெங்களூரில் தொடங்கிய பிரதம் புக்ஸின் மலிவு விலைக் கதைகள், சென்னைத் தூளிகாவின் புத்தகங்கள் என்று கொடி நிறைந்தது. ஊருக்குப் போகும்போதெல்லாம் எழும்பூரில் இறங்கித் தமிழ்ப் புத்தகம் வாங்காமல் நான் திரும்பியதில்லை. உருதுதான் கஷ்டப்பட வைத்தது. படம் நிறைந்த, எட்டு வயதுக்கு ஏற்ற உருதுப் புத்தகம் இந்த நகரத்தில் தேடித் தேடித்தான் கிடைத்தது. உருது இத்தனை காலம் கோலோச்சிய ஊரில் அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் இருபது நிமிடம். அதுதான் நான் வைத்த நேரம். வெயிலில் ஓடிவிட்டு வந்திருப்பார்கள், வயிறு நிறைந்திருக்கும், எந்தப் பாடமும் தலையில் ஏறாத வேளை. பிடித்த புத்தகத்தை எடுக்கலாம், எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், பிடிக்காவிட்டால் பாதியில் மாற்றலாம். என்ன படித்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கதைச் சுருக்கம் எழுத வேண்டாம், கடினச் சொல்லுக்குப் பொருள் எழுத வேண்டாம்.

முதல் சில வாரங்கள் சந்தைதான். படத்தை மட்டும் புரட்டிவிட்டு நிமிடத்துக்கு ஒருமுறை புத்தகம் மாற்றினார்கள். ஒரே புத்தகத்தை இரண்டு பேர் இழுத்தார்கள். "ஏ நக்கோ டீச்சர்," இது வேண்டாம் என்று கையில் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அப்போது வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் ஆசிரியருக்கு உள்ள பெரிய வேலை என்று நான் நம்பினேன். இந்தப் புரட்டலும் படிப்பின் ஒரு பகுதிதான். எந்தப் புத்தகம் எனக்கானது என்று ஒரு குழந்தை கையால் தொட்டுத்தான் கண்டுபிடிக்கும். பெரியவர்கள் நாம் புத்தகக் கடையில் எத்தனை புத்தகங்களைப் புரட்டிவிட்டு ஒன்றை வாங்குகிறோம்! பிரெஞ்சு எழுத்தாளர் தானியல் பென்னாக், பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தவர், 1992இல் வெளியான தம் நூலில் வாசகருக்குப் பத்து உரிமைகளைச் சொல்கிறார். படிக்காமல் இருக்கும் உரிமை, பக்கங்களைத் தாண்டிப் போகும் உரிமை, முடிக்காமல் விடும் உரிமை, திரும்பப் படிக்கும் உரிமை எல்லாம் அதில் உண்டு. எட்டு வயதுக் குழந்தைக்கு இவற்றைக் கொடுக்கத்தான் நாம் அதிகம் தயங்குகிறோம். கொடுக்காத இடத்தில் வாசிப்பு பிடித்ததாக எனக்கு நினைவில்லை.

மௌனமாகப் படியுங்கள் என்று நான் சொன்னதில்லை. அந்த வயதில் பல குழந்தைகளுக்கு உதடு அசையாமல் படிக்க வராது. தன் குரல் தன் காதில் விழுந்தால்தான் பொருள் வரும். இருபது நிமிடமும் அறையில் ஒரு முணுமுணுப்பு ஓடிக்கொண்டே இருக்கும், தேன்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்பதைப் போல. யார் தெலுங்கு படிக்கிறார், யார் ஆங்கிலம் படிக்கிறார் என்று அந்த ஓசையை வைத்தே சொல்லிவிடலாம். மாதங்கள் போகப்போக ஒவ்வோர் உதடாக அசைவது நிற்கும். அதை நான் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த இருபது நிமிடம் நானும் படித்தேன். நோட்டுத் திருத்தவில்லை, வருகைப் பதிவேடு எடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தமிழ் நாவல் படித்தேன். இதை வலியுறுத்திச் சொல்கிறேன். எங்கள் பிள்ளைகளில் பலர் வளர்ந்த ஒருவர் தன் இஷ்டத்துக்குப் படிப்பதைப் பார்த்ததே கிடையாது. அப்பா விடிகாலையில் அட்டாவுக்கு, அதாவது கூலியாட்கள் கூடும் முனைக்கு, வேலை தேடிப் போவார். அம்மா நான்கு வீட்டில் பாத்திரம் தேய்ப்பார். படிப்பது என்றால் பரீட்சைக்காரர் செய்யும் காரியம். டீச்சர் படித்துக்கொண்டிருக்கும்போதே முகம் மாறுகிறது, பக்கத்தைத் திருப்ப அவசரப்படுகிறார் என்பதை அவர்கள் நன்றாகக் கவனித்தார்கள். "மேடம், அந்துலோ ஏமுந்தி?" என்று ஒரு பெண் என் நாவலின் அட்டையைத் தொட்டுக் கேட்பாள். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் கதையைச் சொல்வேன். அடுத்த நாள் அவள் தன் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல்வாள். கேள்வி கேட்டு வாங்க முடியாத பதில் அப்படித் தானாக வந்தது.

ஒரு பையன் தூளிகாவின் 'கஜபதி குலபதி'யைப் பிடித்துக்கொண்டான். அசோக் ராஜகோபாலன் எழுதிப் படம் வரைந்த, தும்மல் வந்து அவதிப்படும் யானையின் கதை. தெலுங்குப் பதிப்பு. மழைக்காலம் முழுவதும் அவன் வேறெதையும் எடுக்கவில்லை. "அதி நாதி," அது என்னுடையது என்று மற்றவர்களை விரட்டுவான். மனப்பாடமாகச் சொல்கிறான், படிக்கவில்லை என்று ஒருவர் சொன்னார். உண்மைதான். ஆனால் மனப்பாடமான வரியின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே சொல்லும்போது, வாய் சொல்லும் சொல்லும் விரல் நிற்கும் சொல்லும் ஒருநாள் ஒன்றாகச் சந்திக்கும். சந்தித்த பிறகு அந்தச் சொல் வேறு புத்தகத்தில் வந்தாலும் அவனுக்குத் தெரிந்துவிடும். தசராவுக்குப் பிறகு அவன் குரங்குக் கதைக்குப் போனான், அங்கிருந்து தெனாலி ராமனுக்குப் போனான்.

உருதுப் புத்தகம் கொடிக்கு வந்த அன்று ஒரு சிறுமி அதை வலது பக்கமிருந்து திறந்தாள். வகுப்பே சுற்றி நின்று பார்த்தது. ஆங்கிலப் பாடத்தில் தலை நிமிராதவள், வீட்டில் பாட்டியிடம் உருது படித்தவள். விரலை வலமிருந்து இடமாக ஓட்டி அவள் படிக்கப் படிக்க, தெலுங்குப் பிள்ளைகள் அவளிடம் தங்கள் பெயரை அந்த எழுத்தில் எழுதித் தரச் சொல்லிக் கை நீட்டினார்கள். அந்த ஆண்டு அவளுடைய ஆங்கிலமும் மேலேறியது. ஒரு மொழியில் படிப்பின் ருசி தெரிந்த குழந்தை அடுத்த மொழிக்குத் தைரியமாக நடந்து போகும் என்பது என் அனுபவம்.

தன் மொழியில் படிக்கும் ஆசை ஹைதராபாத்துக்குப் புதியதும் அல்ல. நிஜாம் ஆட்சியில் உருது அரசு மொழியாக இருந்த காலத்தில், தெலுங்கு படிப்பதற்கென்று 1901இல் இந்த நகரத்தில் ஸ்ரீ கிருஷ்ணதேவராய ஆந்திர பாஷா நிலயம் தொடங்கினார்கள். சுல்தான் பஜாரில் அது இன்றும் இருக்கிறது. தன் மொழியில் படிக்க ஓர் இடம் வேண்டும் என்று பெரியவர்கள் அன்று கேட்டதைத்தான் அந்தச் சிறுமியும் கேட்டாள், வாய் திறக்காமல். மெட்டுகூடா தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் சனிக்கிழமை மாலைகளில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். தமிழ்ப் புத்தகம் கொடியில் தொங்கியதைப் பார்த்து அவர்களே வந்து கேட்டது அது.

எழுத்துச் சொல்லிக் கொடுப்பதைப் பற்றி ஒன்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டால் எல்லாம் தானே வந்துவிடும் என்று நினைப்பவள் அல்ல நான். எழுத்தும், தெலுங்கில் குணிந்தம் எனப்படும் உயிர்மெய் வரிசையும் தெரியாத குழந்தைக்கு இருபது நிமிடச் சுதந்திரம் வெறும் படம் பார்க்கும் நேரம்தான். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு வெளியான தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கை, வகுப்பில் பிள்ளைகளைச் சும்மா மௌனமாகப் படிக்க விடுவதால் மட்டும் சரளம் கூடுகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. ஸ்டீபன் கிராஷன் போன்ற அறிஞர்கள் அதைக் கடுமையாக மறுத்தார்கள். என் வகுப்பில் இரண்டுமே வேண்டியிருந்தது. காலையில், பிரார்த்தனை மணிக்கு முன்னால், பின்தங்கிய பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பக்கத்தில் உட்கார வைத்து எழுத்துக்களை ஒலியோடு சேர்த்துப் பழக்கினேன். அது உழைப்பு, அதற்குக் குறுக்கு வழி இல்லை. மதியம் அந்த உழைப்புக்குக் கூலி கிடைக்கும் நேரம். கூலியே இல்லாமல் ஒரு குழந்தை எத்தனை நாள் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும்?

பெற்றோர் கூட்டத்தில் கேள்வி வரும். "பாடம் எப்ப சொல்றீங்க மேடம், கதை படிக்கவா ஃபீஸ் கட்றோம்?" என்பார் ஒருவர். அவர் கேட்பதில் தவறில்லை. தான் ஏறாத படியில் பிள்ளை ஏற வேண்டும் என்று ஆட்டோ ஓட்டிப் பணம் கட்டுகிறவர். அவருக்கு வாதத்தால் பதில் சொல்ல முடியாது. அவர் மகளையே கூப்பிட்டு, பிடித்த புத்தகம் ஒன்றை எடுத்து அப்பாவுக்குப் படித்துக் காட்டச் சொல்வேன். பெரும்பாலும் அதற்கு மேல் பேச்சு வராது. அடுத்ததாகப் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாமா என்றுதான் கேட்பார்கள்.

மேற்பார்வைக்கு வந்தவர்கள் வேறொன்று கேட்டார்கள். எத்தனை குழந்தைகள் எத்தனை புத்தகம் முடித்தார்கள், பதிவேடு எங்கே? இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். யார் எதை வீட்டுக்கு எடுத்துப் போனார் என்று ஒரு நோட்டில் பிள்ளைகளே எழுதுவார்கள், அவ்வளவுதான். எண்ணிக்கைக்கு நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தால் மெல்லிய புத்தகங்கள் மட்டுமே கொடியிலிருந்து இறங்கும். அளவிடுதல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்தும் ஏசர் ஆய்வு இல்லையென்றால் ஊரகப் பள்ளிகளின் நிலை நாட்டுக்கே தெரிந்திருக்காது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 2018இல் 50.5 விழுக்காடு, கொரோனாவுக்குப் பிறகு 2022இல் 42.8 விழுக்காடு. அந்த எண்களைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஆனால் அளவிடும் கை, குழந்தை தன்னிஷ்டமாகப் படிக்கும் அந்த இருபது நிமிடத்துக்குள் வரக் கூடாது.

இப்படித் தன்னிஷ்டமாகப் படிக்கும் நேரம் வேறிடங்களிலும் உண்டு. ஜப்பானில் 1988இல் சிபா மாகாணத்துப் பள்ளி ஒன்றில் தொடங்கி நாடெங்கும் பரவிய காலை வாசிப்பு, பாடம் தொடங்குவதற்கு முன் பத்தே நிமிடம்தான். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து, தினமும், பிடித்ததை, படிப்பதைத் தவிர வேறொன்றும் கேட்காமல். தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னஞ்சிறு புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. அந்தப் பெயர்களைக் கேட்டதுமே என் மனம் நிறைந்துவிட்டது. ஒரே ஒரு விண்ணப்பம்தான் எனக்கு. 'நுழை'யில் இருக்கும் குழந்தை 'பற' புத்தகத்தைத் தொட ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். மீன் படத்துக்காகவே கனத்த புத்தகத்தை எடுத்து, அதில் மீன்களின் பெயர்களை மட்டும் படித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

எங்கள் வகுப்பில் தேய்மானம் என்று எழுதியது ஆண்டுக்குச் சில புத்தகங்கள்தான். கிழிந்தவற்றைப் பிள்ளைகளே சாக்கு ஊசியால் தைத்தார்கள். ஆனால் எங்கள் கொடியில் தொங்க வேண்டிய சில புத்தகங்கள் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. போர்வெல் லாரியைப் பற்றி ஒரு புத்தகம் கேட்டான் ஒருவன். அவன் அப்பா அதில் வேலை செய்பவர். சங்கராந்திப் பட்டம், மாஞ்சா நூல், இரானி ஓட்டல் பற்றிக் கேட்டார்கள். இல்லாததை நாமே எழுதுவோம் என்று பழைய காலண்டர் தாள்களை மடித்து, வெள்ளைப் பக்கத்தில் எழுத வைத்தேன். போர்வெல் லாரி புத்தகம் நான்கு பக்கம். அதில் பாதிக்கு மேல் சத்தம்தான், பெரிய பெரிய எழுத்துகளில்.

சீத்தாபல்மண்டியிலிருந்து வந்த ஒரு பையன் கடைசிவரை எழுத்தோடு மல்லுக்கட்டியவன். காலை வகுப்பில் எத்தனை முறை உட்கார்ந்தும் பத்தி ஒன்றைத் தாண்ட மாட்டான். ஆனால் 2003இல் ஓடத் தொடங்கிய எம்.எம்.டி.எஸ். ரயிலில் அம்மாவோடு அவள் வேலை செய்யும் ஹைடெக் சிட்டி வரை போய் வருவான். அவன் செய்த புத்தகத்தில் பக்கத்துக்கு ஒரு ஸ்டேஷன். பெயர்ப் பலகையை மஞ்சளாகத் தீட்டி, தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் பெயரை எழுதியிருந்தான். செகந்திராபாத், ஜேம்ஸ் ஸ்ட்ரீட், சஞ்சீவய்யா பார்க், பேகம்பேட், நேச்சர் க்யூர் ஹாஸ்பிடல், ஃபதேநகர், பரத்நகர், போரபண்டா, ஹைடெக் சிட்டி. பலகையைப் பார்த்துப் பார்த்துப் பழகிய எழுத்துகள், ஒரு பிழை இல்லை. எழுந்து நின்று முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வகுப்புக்குப் படித்தான். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

படித்து முடித்ததும் கைரதாபாத்திலிருந்து வரும் ஒரு பெண் எழுந்தாள்.

"நெக்லஸ் ரோட் விட்டுட்டான் டீச்சர்!"

"அது நாம்பள்ளி லைன்," என்றான் அவன். "என் ட்ரெயின் அங்க போகாது. உனக்கு வேணும்னா நீ எழுது."

அடுத்த வாரம் கொடியில் இரண்டு ரயில் புத்தகங்கள் தொங்கின. அதற்கடுத்த வாரம் ஃபலக்னுமா லைன் வந்தது.